எடுத்தேன் என்றுதான் அவள் சொன்னாள்

ஆரம்பாக்கம்
14-7-72, வெள்ளிக்கிழமை

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அன்புள்ள மகன் தானியேலுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேரன் எட்வினும் பிலாயில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் எப்போதும் போலப் பேனாவைத் திறந்தேன், அந்தச் சொல் கையில் வரவில்லை, அதனால் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீ பதறாமல் படிக்க வேண்டும், அதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிபட்ட பிள்ளை பியூலாவுக்கு உயிர் இருக்கிறது. உன் தம்பி ஜெயராஜ் புதன்கிழமை ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டான். உன் நைனாவுக்கு இந்தக் காற்றில் மூச்சு இரைப்பு கொஞ்சம் அதிகம், வேறொன்றுமில்லை. இவ்வளவுதான் நல்ல சேதி, மீதியெல்லாம் பயம்தான். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, உனக்கு முன்னும் பின்னுமாக மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள், அப்போதுகூட இந்த எட்டு நாள் பயந்தது போலப் பயந்ததில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தால் ஆஸ்பத்திரித் தந்தியோ என்று வாசலுக்கு ஓடுகிறேன். வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால், அது பஸ் கண்டக்டராகவே இருந்தாலும், கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன்.

நைனா கொடுத்த தந்தியில் விவரம் ஒன்றும் இருந்திருக்காது, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன் கேள். போன வியாழக்கிழமை மதியம். கவரைப்பேட்டையில் புதிதாக ஒரு கம்பெனி கட்டுகிறார்கள், அதற்குச் சூளையிலிருந்து செங்கல் ஏற்றிப்போகிற டிராக்டரை உன் தம்பி ஓட்டுகிறான் என்று முன்பே எழுதியிருந்தேன். அன்றைக்கு மூன்றாவது நடை, பொழுது சாய்வதற்குள் ஐந்து நடை அடிக்கச் சொல்லி மேஸ்திரி விரட்டினாராம். ஏரிக்கரை வளைவில் பின்னால் கல் சரிகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறான், வேகத்தைக் குறைக்காமலே பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடம் அன்றைக்கு அரை நாள். மதியச் சோறு தின்ற அலுமினியத் தட்டை வெயிலுக்காகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளை ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தது. குறுக்கே ஓடவில்லை. இதை ஜெயராஜே என்னிடம் சொன்னான், இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் அதையேதான் சொன்னான். முன்சக்கரம் இடித்துப் பிள்ளை கரைச் சரிவில் கல் மேல் விழுந்துவிட்டது. இடது தொடை முறிந்து, தலையிலும் அடி. இவன் இன்ஜினைக்கூட நிறுத்தாமல் குதித்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ரோடு வரைக்கும் ஓடி, நெல்லூர்ப் பக்கமிருந்து மீன் ஏற்றி வந்த லாரியை மறித்துக் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தாயும் தகப்பனும் வந்து சேர்ந்த பிறகு, சட்டையெல்லாம் ரத்தத்தோடு இவனாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றிருக்கிறான்.

பிள்ளை யாருடைய பிள்ளை என்று உனக்குத் தெரியாதே. நம் தெருக்கோடி வீட்டுத் தாவீதும் சந்திரகலாவும் பெற்ற பிள்ளை. அவர்கள் கலியாணத்துக்கு நீதான் பந்தல் போட்டாய், அந்தப் பெண் உன்னை அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடும். பியூலா நீ பிலாய்க்குப் போன பிறகு பிறந்தவள். இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு வருஷமாக எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் இதை எழுதவில்லை.

அரிசிப் பஞ்சம் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், ரேஷனில் புழுத்த கோதுமை போட்டார்களே, அப்போது. நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துக் கோயிலுக்கென்று பானையில் போட்டு வைக்கும் வழக்கத்தை அந்தப் பஞ்சத்திலும் விடவில்லை. சனிக்கிழமை அதை வாங்கிக் கோயில் அறையில் இருக்கிற தகர டின்னில் கொட்டிவைப்பது என் பொறுப்பு. தெருவில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்த பெண் நான் ஒருத்திதான் என்று அறைச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள், அந்தச் சாவியை நான் இடுப்பில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிச் செருகிக்கொள்வேன். சந்திரகலா கோயில் பெருக்குகிறவள். ஒரு நாள் அறையைப் பெருக்கத் திறந்து விட்டபோது அவள் முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வெளியே வந்ததை நான் பார்த்துவிட்டேன். பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவள் மறைக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. பால் ஊறல பெரிம்மா, ரெண்டு வேள நான் சாப்ட்டா புள்ளைக்கு ஊறும்னு எடுத்தேன், அறுப்பு வந்ததும் கொண்டாந்து போட்டுடறேன் என்றாள். சரி போடீ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் காற்றுக்குக்கூடத் தெரிந்திருக்காது. நான் குரலெடுத்து நாலு பேரைக் கூப்பிட்டேன்.

அப்போது நம் சபைக்குப் போதகராக இருந்த பழைய ஐயர் கண்டிப்பானவர். தப்புச் செய்தவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பார்கள், அப்புறம் மூன்று மாதம் நற்கருணை இல்லை, அதுதான் முறை. அவளுக்கு எழுதத் தெரியாது, நான்தான் எழுதினேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கோயில் அரிசிய எடுத்தேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதுங்க பெரிம்மா என்றாள். நானோ, திருடினேன் என்று எழுதினேன். அந்தச் சொல்தான் சரியான சொல் என்று எனக்குத் தோன்றியது, படித்தவளுக்குத் தெரியாதா என்கிற எண்ணம். எழுத்தும் அன்றைக்கு முத்து முத்தாக விழுந்தது. படித்துக் காட்டாமலே அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்து ஒற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஐயர் அதை வாசித்தார். அந்தச் சொல் வந்ததும் அவள் தலையைத் தூக்கி ஐயரைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். அன்றைக்குக் கோயிலை விட்டுப் போனவள்தான், மூன்று மாதம் முடிந்தும் வரவில்லை, ஆறு வருஷமாக வரவில்லை. நம் தெருப் பொடிசுகள் அந்தக் குழந்தையைத் திருட்டரிசி என்று கூப்பிட ஆரம்பித்தன. பெரியவர்களும் சிரித்தார்கள், நானும் ஒரு நாள் சிரித்தேன். அதற்கடுத்த மாதம் என்னை மாதர் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள் என்று உனக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன், நீயும் சந்தோஷப்பட்டு எழுதினாய். வாராவாரம் முழங்காலில் நின்று எங்களுக்கு இரங்கும் எங்களுக்கு இரங்கும் என்று உரக்கச் சொல்கிறவள் நான், அதில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மற்றவர்களுக்காகச் சிபாரிசு செய்கிற மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது உனக்குப் புரியும் நான் ஏன் பயந்தேன் என்று. அவள் பிள்ளை மேல் என் பிள்ளை வண்டியை விட்டுவிட்டான். அவள் சொல்லப்போகிற சொல்லில் என் பிள்ளை தலை இருக்கிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்க அடுப்பு மூட்டவில்லை. நைனாவைப் பட்டணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல், நான் போனா திட்டுவாங்க, நீ போனாலும் திட்டுவாங்க, ஆனா அந்தத் திட்டு உனுக்குச் சேர வேண்டியது கன்னியம்மா, நடுவுல நான் இன்னாத்துக்கு வாங்கியாறது என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் என்னை எதிர்த்துப் பேசினதில்லை, பேசினது இந்த ஒரு தடவைதான்.

போகலாம் என்று சனிக்கிழமை நான் கிளம்பியபோதுதான் உன் தந்தி வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை ராசா, தூரத்தில் இருந்துகொண்டு தம்பிக்காகத் துடித்திருப்பாய். ஆனால் தந்தி இங்கிலீஷில் இருந்தது, என் ஐந்தாம் வகுப்பு அதற்கு உதவவில்லை. தபால்கார மணவாளனிடம் படித்துச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை. குழாயடியில் அத்தனை பேர் குடத்தோடு நிற்கையில், பிள்ளை குறுக்கே ஓடியது என்று எல்லாரும் சொல்லவும், வக்கீல் ஏற்பாடு செய்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலத் தமிழில் படித்தார். தாவீதின் அண்ணன் அங்கேதான் நின்றிருந்தான். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓ, அப்டியா, நீங்க குறுக்க ஓடுச்சின்னு சொன்னா, நாங்க குடிச்சிட்டு ஓட்டினான்னு சொல்றோம், கவர்மெண்டே சாராயக் கட தொறந்து வெச்சிக்கீது இல்ல, எவன் நம்ப மாட்டான்றான் பாக்கலாம் என்று கத்தினான். நான் பட்டணத்துக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பிவிட்டேன். ஏனென்றால் நம்புவார்கள். மே மாதத்தில் ஒரு கலியாண வீட்டில் உன் தம்பி குடித்துவிட்டு நடுத்தெருவில் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்தது, அதையும் உனக்கு நான் எழுதவில்லை. விபத்து நடந்த அன்றைக்கு அவன் டீயைத் தவிர ஒன்றும் குடிக்கவில்லை, ஆனால் அதை யார் கேட்பார்கள்? குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஒரு சொல் காகிதத்தில் ஏறிவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்களாம். ஒரு சொல்லைக் காகிதத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் தனியாகப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சந்திரகலா தலையை முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் தாவீது முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். கிட்டே போக முடியாமல் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு காகிதக் கட்டோடு வாக்குமூலம் வாங்க வந்தார். தாவீதின் அண்ணன் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னான். அப்புறம் ஏட்டு வந்து சந்திரகலாவிடம் பெயர், ஊர், நடந்தது என்று கேட்டுக் கேட்டு மளமளவென்று எழுதினார். எழுதி முடித்து மைப்பெட்டியைத் திறந்து கையை நீட்டும்மா என்றார். அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். படிச்சிக் காட்டுங்க சார் என்றாள். இன்னாம்மா இது, நான் எழுதினதுல இன்னா தப்பு இருக்கப் போவுது, எனுக்கு வேற வேல இல்லியா என்று அவர் கோபித்துக்கொண்டார். இல்ல சார், முந்தி ஒருவாட்டி படிச்சிக் காட்டாத கைநாட்டு வெச்சிட்டேன், இனிமே வெக்க மாட்டேன் என்றாள். நான் தூணுக்குப் பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியாது தானியேல், தெரிந்திருந்தால்கூட அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஏட்டு வேண்டாவெறுப்பாகப் படித்தார். குடிபோதையில் வண்டியை ஓட்டி வந்து என்று அதில் இருந்தது. நான் குடிச்சிருந்தான்னு சொல்லலியே சார் என்றாள். தாவீதின் அண்ணன் எழுந்து வந்து, உனுக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிக்கிச்சி, உள்ள உன் பொண்ணு பேச்சு மூச்சில்லாத கீது, அவங்க இன்னாடான்னா புள்ள மேல பழி போடத் தந்தி வரவெக்கிறாங்க, நீ அவனுக்குப் பரிஞ்சி பேசறியா என்று கையை ஓங்கினான். அவள் இடத்தை விட்டு அசையவில்லை. பரிஞ்சி பேசல மாமா, நீ பாத்தியா அவன் குடிச்சத, நான் பாத்தேனா, பாத்தவங்க சொன்னத எழுதுங்க சார், ஓரமா வந்த புள்ளைய வேகமா வந்து இட்ச்சிட்டான், எழுதுங்க, அவந்தான் தூக்கிக்கினு ஓடினான், அதையும் எழுதுங்க, அதுக்கு மேல ஒரு எழுத்தும் வாணாம், கொறச்சியும் வாணாம் என்றாள். தாவீது முகத்தை எடுக்காமலே, அவ சொல்றாப்ல எழுதுங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். ஏட்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதி மறுபடி படித்தார். அவள் சொன்னதுதான் இருந்தது. கையை நீட்டினாள்.

எல்லாரும் கலைந்த பிறகு தூணை விட்டு வெளியே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். காலில் விழலாம் என்றுதான் போனேன், குனிந்தால் எழுந்திருக்க மாட்டேன் போல இருந்தது. நீ எடுத்தேன்னுதான் சொன்ன, நான்தான் மாத்தி எழுதினேன் என்றேன். அவள் என்னைப் பார்த்து, அது எனக்கு அன்னிக்கே தெரியும் பெரிம்மா, எனக்கு எழுத்துதான் தெரியாது, காது கேக்கும் என்றாள். அப்புறம் அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உனுக்கும் இந்த மாதிரி தலகுனியற நாள் ஒண்ணு வரணும்னு ஆறு வருஷமா வேண்டிக்கினேன் பெரிம்மா, கோயிலுக்கு வராத ஊட்லயே வேண்டிக்கினேன், வந்துடுச்சி, ஆனா எம் புள்ள வழியா வரும்னு நெனைக்கல, நான் வேண்டினதாலதான் இப்டி ஆச்சா என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தாள், மன்னித்ததால் பிடித்தது அல்ல, பயத்தில் பிடித்தது. அவளுக்கும் என்னைப் போலவே பயம். இல்லடீ, ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்காகவும்தான் சொல்லிக்கொண்டேன், அவர் அப்படிப்பட்டவராக இருந்தால் முதலில் என் கதி என்ன?

அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன், பியூலா செவ்வாய்க்கிழமை கண் திறந்தது. நர்ஸம்மா நினைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க உன் பேர் இன்னா கண்ணு என்று கேட்டார். பிள்ளை திருட்டரிசி என்றது. நர்ஸம்மா புரியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இதற்குமேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காய்ச்சல் ஏறுகிறது, இறங்குகிறது. இன்னும் பத்து நாள் போக வேண்டும், அதுவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். பத்து நாள் என்பதை எப்படித் தாண்டப்போகிறேன் என்று தெரியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் போய்ப் பிள்ளை பக்கத்தில் உட்காருகிறேன், அந்த நேரம் சந்திரகலா வெளியே போய்க் குளித்துவிட்டு வருகிறாள். அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஜெயராஜ் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, டிராக்டர் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறான். பொன்னேரி கோர்ட்டில் அடுத்த மாதம் கேஸ் வருகிறது. குற்றம் என்னுடையதுதான் என்று சொல்லப்போகிறேன் அம்மா என்றான். ஆறு மாதமாவது உள்ளே இருக்க வேண்டிவரும் என்கிறார்கள். சொல்லாதே என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பெற்றவள்தானே, ஆனால் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. வக்கீல் வைப்பதானால் நடந்ததைச் சொல்லித் தயவு கேட்கிற வக்கீலாக வை, பிள்ளையைக் குறுக்கே ஓடவிடுகிற வக்கீல் வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, அவள் சொன்ன சொல் எது, நான் எழுதிய சொல் எது என்று சபைக்குச் சொல்லப்போகிறேன். இப்போதிருக்கிற ஐயர் சின்ன வயசுக்காரர், என்னிடம் தனியாகச் சொன்னால் போதுமே அம்மா என்றார். சபையில் வாசித்ததைச் சபையில்தான் திருத்த வேண்டும் ஐயா என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எந்நேரமும் இதே பயம்தான். பேர் வாங்கின இடத்தில் நின்று பேரைக் கெடுத்துக்கொள்வது அவ்வளவு சுலபம் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் இருபது நாள் பச்சை உடம்போடு அந்த இடத்தில் நின்றாள். அவளை வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு வாய் இல்லை.

எட்வின் வகுப்பில் முதலாவதாக வந்தான் என்று மருமகள் எழுதியதை எல்லாரிடமும் காட்டினேன், என் பேரனுக்கு என் எழுத்து வாய்த்திருக்கிறது. அவன் தலையில் கை வைத்து நான் ஆசீர்வதித்ததாகச் சொல். வகுப்பில் பின்தங்கின பிள்ளைகளை அவன் கேலி செய்தால் மட்டும் கண்டித்துவை, சிரித்துக்கொண்டு விட்டுவிடாதே. அங்கே மழை பிடித்துவிட்டதா, தலை நனையாமல் வேலைக்குப் போ. லீவு கிடைத்தால் கோர்ட்டு தேதிக்கு வந்து தம்பி பக்கத்தில் நில். ஆண்டவர் உன்னையும் உன் குடும்பத்தையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

ஒன்று மறந்துவிடாதே. உன் தந்தியைக் குழாயடியில் எல்லாரும் கேட்டார்கள், சந்திரகலாவின் காதுக்கும் அது போயிருக்கிறது. அண்ணா என்று கூப்பிட்ட பெண். அவளுக்கென்று தனியாக, தமிழில், நாலு வரி எழுதி இதே விலாசத்துக்கு அனுப்பு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிக்க வேண்டும். நீ என்ன எழுதுகிறாயோ அதை எழுதினபடியே படித்துக் காட்டுவேன்.

உன் அம்மா
அ. கன்னியம்மா